நூறு வருஷத்துக்கு முந்தின ரெஸ்லிங்கை எங்கேருந்து படிக்க ஆரம்பிக்கிறது? புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

டிரம்ப் கார்டு வச்சு விளையாடி, டிவில அண்டர்டேக்கரைப் பாத்து வளந்த நிறைய பேருக்கு ஒரு வயசுக்கு மேல ஒரு சந்தேகம் வரும். இதெல்லாம் செட்டப்னு தெரியும், சரி, ஆனா எப்போலேருந்து செட்டப்? அதுக்கு முன்னாடி நிஜமாவே மோதிக்கிட்டாங்களா? இந்தக் கேள்வியோட நெட்ல போய் தேடினா ஒருத்தர் "1920 வரைக்கும் எல்லாம் ஒரிஜினல்"னு அடிச்சு சொல்லுவாரு, அடுத்தவரு "என்னைக்குமே ஒரிஜினல் கிடையாது"னு சொல்லுவாரு, ரெண்டு பேரையும் நம்பி உள்ள போனா குழம்பிடுவீங்க.

நான் சொல்ற வழி வேற. பயில்வானை விட்டுட்டு புரமோட்டரை ஃபாலோ பண்ணுங்க. ஹாலை யாரு வாடகைக்கு எடுத்தது, கலெக்‌ஷன் யார் கைக்கு போச்சு, பெல்ட் யார் இடுப்புல இருந்தா யாருக்கு லாபம், இந்த மூணையும் கேட்டீங்கன்னா எந்த மேட்ச் நிஜம் எந்த மேட்ச் பொய்ங்கறது பாதி தானா தெளிஞ்சிடும். இங்க நான் எடுத்துக்கிற காலம் 1900லேருந்து 1936 வரைக்கும், இடம் பெரும்பாலும் அமெரிக்கா, கொஞ்சம் லண்டன், நடுவுல ஒரு தடவை பாட்டியாலா.

முதல் படி: ரூல்ஸ் தெரிஞ்சுக்கோங்க

இத தாண்டிட்டு போயிடாதீங்க, ஏன்னா அப்போ இருந்த மேட்ச் இப்போ நீங்க பாக்குற மேட்ச் மாதிரியே இருக்காது. ரெண்டு ஸ்டைல் முக்கியம். ஒண்ணு கிரேக்கோ ரோமன், இதுல இடுப்புக்கு மேல மட்டும்தான் பிடிக்கலாம், காலைத் தொடக்கூடாது. இன்னொண்ணு கேட்ச் அஸ் கேட்ச் கேன், சுருக்கமா கேட்ச், இதுல காலு கை எங்க வேணும்னாலும் பிடிக்கலாம், மூட்டை முறுக்கலாம், எதிராளியே போதும்னு விட்டுக்கொடுக்கிற வரைக்கும் போகலாம். ரெண்டு தோளும் தரைல பட்டா ஒரு ஃபால். பெரிய மேட்ச்னா பொதுவா மூணுல ரெண்டு ஃபால் ஜெயிக்கணும். பல மேட்சுக்கு டைம் லிமிட்டே கிடையாது. 1916 ஜூலை 4ம் தேதி ஒமஹா ஊர்ல ஜோ ஸ்டெக்கரும் எட் ஸ்ட்ராங்லர் லூயிஸும் அஞ்சு மணி நேரம் மோதி டிராவுல முடிஞ்சுச்சு, வெயில்ல உக்காந்து பாத்த ஜனத்தை நெனச்சுப் பாருங்க. பின்னாடி புரமோட்டருங்க ஏன் மேட்சை வேகமா விறுவிறுப்பா மாத்துனாங்கங்கறதுக்கு இந்த அஞ்சு மணி நேரம் ஒண்ணே போதும்.

அப்புறம் ஹேண்டிகேப் மேட்ச்னு ஒண்ணு வரும், பெரிய ஆளு சின்ன ஆளை ஒரு மணி நேரத்துக்குள்ள இத்தனை தடவை சாய்ச்சாகணும், முடியலேன்னா சின்ன ஆளு ஜெயிச்ச கணக்கு. இது தெரியாம பேப்பர் படிச்சீங்கன்னா "சாம்பியன் தோத்துட்டாரு"ன்னு தப்பா எழுதி வச்சிடுவீங்க, சாம்பியன் தோத்தது கடியாரத்துகிட்ட தான்.

ரெண்டாவது படி: ரெண்டே ரெண்டு மேட்சை எடுத்துக்கோங்க

எல்லாரையும் ஒரேயடியா படிக்காதீங்க. ஃபிராங்க் காட்ச், ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட், இந்த ரெண்டு பேரு மட்டும் போதும் ஆரம்பத்துக்கு.

ஹேக்கன்ஷ்மிட் இப்போ எஸ்டோனியால இருக்கிற டார்டு ஊர்ல 1877ல பொறந்தவரு, அப்போ அது ரஷ்ய சாம்ராஜ்யம், அதனால "ரஷ்ய சிங்கம்"னு பட்டம். லண்டன் வந்தப்போ அவருக்கு ஒரு பிரச்சினை, ரொம்ப சீக்கிரம் ஜெயிச்சிடுவாரு. டிக்கெட் வாங்கினவன் சீட்ல உக்காருறதுக்குள்ள முடிஞ்சிடும். அவருக்கு மேனேஜரா வந்தவரு சி.பி.காக்ரன், பின்னாடி லண்டன் நாடக உலகத்துல பெரிய தயாரிப்பாளரா ஆனவரு. மியூசிக் ஹால்ல ஒரு ஐட்டமா மல்யுத்தத்தைப் போடணும்னா கொஞ்ச நேரம் ஓட்டணும், ஜனத்தை ரசிக்க வைக்கணும்னு இவருக்கு சொல்லிக் கொடுத்தது காக்ரன் தான். அதாவது கில்லாடி பயில்வானே ஆனாலும் ஷோன்னு வந்துட்டா வேற கணக்குங்கறது 1900களோட ஆரம்பத்துலேயே இருக்கு. அதே ஆளு 1904 ஜனவரி 30ம் தேதி லண்டன் ஒலிம்பியால அகமது மத்ராலிங்கற துருக்கி பயில்வான்கூட நிஜமா மோதினப்போ ஒரு நிமிஷம் கூட ஆகல, தூக்கிப் போட்டதுல மத்ராலி கை கழண்டுச்சு. செட்டப்பும் நிஜமும் ஒரே ஆளுகிட்ட, ஒரே காலத்துல இருந்துச்சு, இத மனசுல வச்சுக்கோங்க.

காட்ச் அமெரிக்காவுல அயோவா மாநிலத்துக்காரரு, ஃபார்மர் பர்ன்ஸ்கிட்ட கத்துக்கிட்டவரு, கால் விரலையும் பாதத்தையும் சேத்து முறுக்குற டோ ஹோல்டு பிடிதான் அவரு அடையாளம். 1908 ஏப்ரல் 3ம் தேதி சிகாகோ டெக்ஸ்டர் பார்க் பெவிலியன்ல ரெண்டு பேரும் மோதினாங்க, கேட்ச் ரூல்ஸ். ரெண்டு மணி நேரம் பெரும்பாலும் நின்ன வாக்குலயே இழுபறி, அப்புறம் ஹேக்கன்ஷ்மிட் விட்டுக்கொடுத்துட்டாரு. காட்ச் உடம்புல எண்ணெய் தடவியிருந்தாரு, கண்ணுல விரல விட்டாரு, முகத்துல கீறினாருன்னு பின்னாடி ஹேக்கன்ஷ்மிட் புகார் சொன்னாரு. அமெரிக்க பேப்பர் இதை தோத்தவன் புலம்பல்னு எழுதிச்சு, இங்கிலாந்துல அப்படி இல்ல. ரெண்டு ஊர் பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிக்கிறதுக்கு இதைவிட நல்ல மேட்ச் கிடைக்காது.

ரெண்டாவது மோதல் 1911 செப்டம்பர் 4, சிகாகோ காமிஸ்கி பார்க், அது பேஸ்பால் மைதானம். கூட்டம் 30,000 பக்கம், கலெக்‌ஷன் 87,000 டாலர், அந்தக் காலத்து 87,000ங்க. ஆனா ஹேக்கன்ஷ்மிட்டோட முட்டி ஏற்கெனவே போயிருந்துச்சு. ரெண்டு ஃபாலும் சேத்து இருபது நிமிஷத்துக்குள்ள காட்ச் முடிச்சிட்டாரு. இந்த முட்டி விஷயத்துல ஒரு கதை எல்லா இடத்துலயும் சுத்தும், காட்ச் ஆளுங்க காசு கொடுத்து ஆட் சான்டெல்ங்கற பயில்வானை பயிற்சிக்குள்ள அனுப்பி வேணும்னே உடைச்சாங்கன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஹேக்கன்ஷ்மிட் சொன்னது வேற, பயிற்சில கூட மோதின டாக்டர் ரோலராலதான் அடி பட்டுச்சு, அதுவும் தவறுதலானு. மசாலாவான கதையையும் சம்பந்தப்பட்டவரே சொன்னதையும் தனித்தனி காலம்ல (column) எழுதி வைங்க, இந்தப் பழக்கம் இப்பவே வந்துடணும்.

அந்த 1911 மேட்சுக்கு பின்னாடி இருந்தவங்கள்ல ஒருத்தரு ஜாக் கர்லி. இந்தப் பேரை அடிக்கோடு போட்டுக்கோங்க, திரும்பத் திரும்ப வரும்.

நடுவுல ஒரு சின்ன ரூட், காமா பயில்வான்

நம்ம ஆளுங்க எல்லாரும் இதத்தான் முதல்ல கேப்பாங்கன்னு தெரியும், அதனால தனியா சொல்லிடுறேன். 1910ல நம்ம இந்தியாவோட பெரிய பயில்வான் காமா, அவரு தம்பி இமாம் பக்‌ஷ் இன்னும் சில பயில்வானுங்க லண்டன் போனாங்க, கூட்டிட்டுப் போன புரமோட்டர் ஆர்.பி.பெஞ்சமின். காமா உயரம் கம்மிங்கறதால அங்க நடந்த போட்டில சேத்துக்கல. உடனே ஒரு சவால் விட்டாங்க, யாரு வேணா வரலாம், எந்த வெயிட்டா வேணா இருக்கலாம், அரை மணி நேரத்துல மூணு பேரை சாய்ச்சுக் காட்டுவேன்னு. வெறும் பில்டப்னு நெனச்சு முதல்ல யாரும் வரல. அப்புறம் ஆகஸ்ட் மாசம் பெஞ்சமின் ரோலர் வந்தாரு, மேல முட்டி விஷயத்துல சொன்ன அதே டாக்டர் ரோலர்தான், நிஜமாவே மருத்துவர். முதல் ஃபால் ரெண்டு நிமிஷத்துக்குள்ள, அடுத்தது பத்து நிமிஷத்துக்குள்ள, முடிஞ்சுச்சு.

அடுத்து செப்டம்பர் 10ம் தேதி, ஷெப்பர்ட்ஸ் புஷ் ஸ்டேடியம், எதிர்ல போலந்துக்காரரு ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ, பரிசு 250 பவுண்டும் ஜான் புல் பெல்ட்டும். முதல் நிமிஷத்துலயே காமா கீழ தள்ளிட்டாரு, அதுக்கப்புறம் ஸ்பிஸ்கோ குப்புறப் படுத்து பாயைக் கட்டிக்கிட்டவரு எழுந்திரிக்கவே இல்ல, ரெண்டரை மணி நேரத்துக்கு மேல இதே கதை. டிரா. 17ம் தேதி திரும்ப மோதணும்னு சொன்னாங்க, ஸ்பிஸ்கோ வரல, பெல்ட் காமாவுக்குப் போச்சு. 1928 ஜனவரில பாட்டியாலா மகாராஜா ஏற்பாட்டுல ரெண்டு பேரும் மறுபடி மோதினப்போ ஒரு நிமிஷத்துக்குள்ள காமா சாய்ச்சுட்டாரு, அப்போ ஸ்பிஸ்கோவுக்கு ஐம்பது நெருங்குற வயசு, அதையும் சேத்து சொல்றதுதான் நியாயம்.

பார்க்கிறவனுக்கு ரெண்டரை மணி நேரம் ஒருத்தன் படுத்தே கிடக்கிறது செம போர். ஆனா பாருங்க, யாராவது எழுதிக் கொடுத்த ஸ்கிரிப்டா இருந்தா இவ்வளவு மொக்கையா எழுதியிருப்பாங்களா? அந்தக் காலத்து மேட்ச்ல நீளமா, சலிப்பா, அசிங்கமா முடியறதுதான் பல நேரம் நிஜத்துக்கு ஒரு அடையாளம். முழு ஆதாரம்னு எடுத்துக்காதீங்க, நீளமான மேட்சையும் பேசி வச்சு ஆடியிருக்காங்க, ஆனா கேள்வி கேக்க நல்ல இடம். இந்த ஸ்பிஸ்கோவை மறந்துடாதீங்க, கீழ 1925ல ஒரு பெரிய வேலை பண்ணுவாரு.

மூணாவது படி: பத்து வார்த்தை பழகிக்கோங்க

பழைய பேப்பர் படிக்கும்போது முன்னாடியே பேசி வச்ச மேட்சுக்கு "ஹிப்போட்ரோம்"னு போட்டிருப்பாங்க, சர்க்கஸ் மாதிரி ஷோங்கற அர்த்தத்துல. நிஜ மேட்ச்னா "ஆன் தி ஸ்கொயர்"னு வரும். தொழில்ல இருக்கிறவங்க பேச்சுல செட்டப் மேட்சுக்கு ஒர்க், நிஜத்துக்கு ஷூட். ஹூக்கர்னா மூட்டை உடைக்கிற அளவுக்கு பிடி தெரிஞ்ச ஆளு. போலீஸ்மேன்னு ஒரு வேலை இருந்துச்சு, யூனிஃபார்ம் போட்ட போலீஸ் இல்லைங்க, சாம்பியனைக் காப்பாத்துறதுக்காக புரமோட்டர் வச்சிருக்கிற முரட்டு பயில்வான். வெளி ஆளு எவனாவது சாம்பியன்கிட்ட நிஜமா மோதணும்னு அடம் பிடிச்சா, முதல்ல இவரை ஜெயிச்சுட்டு வான்னு அனுப்புவாங்க, அவன் திரும்பி வரமாட்டான். டபுள் கிராஸ்னா நம்மூர் பாஷைல உள்குத்து, தோக்குறதா ஒத்துக்கிட்டு மேடைல ஏறினதும் நிஜமா அடிச்சு பெல்ட்டைப் பிடுங்கிட்டுப் போயிடுறது. டிரஸ்ட்னு வந்தா புரமோட்டருங்க கூட்டணி. ஷூட்டருங்க, ரிப்பருங்கன்னு இன்னும் வரும், அதெல்லாம் படிக்கப் படிக்கப் பழகிடும்.

இன்னொரு பேரும் தெரிஞ்சிருக்கணும், மேப்ரே கும்பல். ஜான் மேப்ரேங்கறவன் தலைமைல அயோவாவுல கவுன்சில் பிளஃப்ஸ் ஊரை மையமா வச்சு ஒரு கும்பல், வசதியான ஆளுங்களை ஆசை காட்டிக் கூட்டிட்டு வந்து, முடிவு எங்களுக்கு முன்னாடியே தெரியும் நீங்க காசைக் கட்டுங்கன்னு சொல்லி, குதிரைப் பந்தயம், பாக்ஸிங், மல்யுத்தம்னு போலியா நடத்தி மொத்தக் காசையும் சுருட்டிடுவாங்க. 1910ல தண்டனை ஆச்சு. ஏமாத்தினதுக்கு ஆதாரம் பிடிக்கிறது கஷ்டம், தபால்ல லெட்டர் போட்டு ஏமாத்தினாங்கங்கற கேஸ்லதான் மாட்டினாங்க. ஆக, பந்தயக்காசுக்காக செட்டப் பண்றது ஒண்ணு, டிக்கெட் விக்கிறதுக்காக செட்டப் பண்றது இன்னொண்ணு. முதல்ல இருந்தது அது, மெதுவா ஜெயிச்சது இது. இந்த மாற்றம்தான் நீங்க படிக்கப்போற மொத்த வரலாறும்.

நாலாவது படி: புரமோட்டர் மேப் ஒண்ணு போடுங்க

ஒரு வெள்ளைத் தாள்ல அமெரிக்கா வரைஞ்சு ஊர் பக்கத்துல பேரு எழுதுங்க. நியூயார்க் ஜாக் கர்லி, செயின்ட் லூயிஸ் டாம் பேக்ஸ், பாஸ்டன் பால் பவுசர், ஃபிலடெல்ஃபியா ரே ஃபேபியானி. நம்மூர் சினிமா விநியோகத்துல என்.எஸ்.சி. (வடாற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு) ஏரியா, கோவை ஏரியா, மதுரை ஏரியானு பிரிச்சு வச்சிருக்கிற மாதிரிதான், ஒருத்தர் ஏரியால இன்னொருத்தர் ஷோ போட்டா சண்டை.

கர்லி சும்மா ஆளு இல்ல. 1915ல ஹவானாவுல ஜாக் ஜான்சனை ஜெஸ் வில்லார்ட் தோக்கடிச்ச அந்த பாக்ஸிங் மேட்ச் புரமோட்டருங்கள்ல இவரும் ஒருத்தர். 1937ல சாகுற வரைக்கும் தொழில்லயே இருந்தாரு. பவுசரோட மனைவி கோரா லிவிங்ஸ்டன், அந்தக் காலத்து பெண் மல்யுத்த சாம்பியன், இவங்களைப் பத்தி தனியாவே படிக்கலாம், யாரும் ஒழுங்கா எழுதுறது இல்லேங்கறது என் வருத்தம்.

1915ல நியூயார்க் மன்ஹாட்டன் ஓபரா ஹவுஸ்ல சாமுவேல் ராக்மன்ங்கற புரமோட்டர் சர்வதேச போட்டி நடத்தினாரு, கூட்டம் வரல. திடீர்னு ஒரு நாள் கூட்டத்துக்குள்ளேருந்து முகமூடி போட்ட ஒரு ஆளு என்னை ஏன் சேத்துக்கலன்னு சத்தம் போடறாரு, வெளிய தள்ளுறாங்க, மறுபடி வர்றாரு, மறுபடி தள்ளுறாங்க, பேப்பர்ல நியூஸ், ஊரெல்லாம் பேச்சு, கடைசில ஜனங்க கேட்டுக்கிட்டதுக்காக சேத்துக்கிற மாதிரி சேத்துக்கிட்டாங்க. மாஸ்க்டு மார்வல். உள்ள இருந்தது ராச்செஸ்டர் ஊர் மார்ட் ஹென்டர்சன்ங்கற சாதாரண பயில்வான். ஹால் நிரம்பிடுச்சு. இன்னைக்கு வரைக்கும் டிவில பாக்குற பாதி டிராமாவுக்கு இதுதான் அப்பா.

இப்போ முக்கியமான கட்டம், இங்க நிறுத்தி நிதானமா படிங்க. 1920கள்ல மூணு பேரு சேந்தாங்க: எட் ஸ்ட்ராங்லர் லூயிஸ், அவரு மேனேஜர் பில்லி சாண்டோ, அப்புறம் டூட்ஸ் மாண்ட்ங்கற பயில்வான். இவங்களுக்கு கோல்டு டஸ்ட் டிரையோன்னு பேரு, ஆனா அந்தப் பேரு பரவினது 1937ல வந்த ஒரு புத்தகத்தால, அந்த ஆசிரியர் மாண்டுக்கு நெருக்கமானவரு, அதனால எல்லாத்தையும் மாண்ட் தான் கண்டுபிடிச்சாருங்கற மாதிரி இருக்கும், அப்படியே நம்பிடக்கூடாது. எப்படியோ, இவங்க செஞ்சது என்னன்னா ஊருக்கு ஊரு ஒத்த மேட்சா பேசாம, ஒரு கூட்டம் பயில்வான்களை சம்பளத்துக்கு வச்சுக்கிட்டு மொத்த ஷோவையும் பேக்கேஜா கொண்டு போனாங்க, அடிதடி தூக்கிப்போடுறது எல்லாம் கலந்து வேகமா, டைம் லிமிட்டோட.

லூயிஸ் ரொம்ப நாளா ஜெயிச்சு ஜெயிச்சு ஜனத்துக்கு அலுத்துப்போச்சு. அதனால 1925 ஜனவரி 8ம் தேதி கன்சாஸ் சிட்டில வெய்ன் மன்ங்கற நெப்ராஸ்கா ஃபுட்பால் பிளேயர்கிட்ட பெல்ட்டைக் கொடுத்தாங்க. பாக்க மலை மாதிரி இருப்பாரு, கூட்டம் வரும், ஆனா நிஜமா மல்யுத்தம் தெரியாது. இதுதான் ரிஸ்க். மல்யுத்தம் தெரியாத ஆளுகிட்ட பெல்ட் இருந்தா, தெரிஞ்சவன் எவனும் மேடைலயே பிடுங்கிடலாம், ரெஃப்ரீகிட்ட போய் "இவன் தோக்குறதா சொல்லியிருந்தான்"னு கம்ப்ளெயின்ட் பண்ணவும் முடியாதுல்ல.

ஏப்ரல் 15, ஃபிலடெல்ஃபியா. மன்கிட்ட தோக்கவேண்டிய ஆளு யாருன்னா நம்ம ஸ்பிஸ்கோ, நாப்பத்தஞ்சு வயசு தாண்டினவரு, சாண்டோ கூட்டத்து சம்பளத்துல இருந்தவரு. மணி அடிச்சதும் மன்னை தூக்கித் தூக்கிப் போட்டு ஜெயிச்சிட்டாரு. எதிர் கோஷ்டி, அதாவது கர்லி, பேக்ஸ், ஸ்டெக்கர் பக்கம் அவரை முன்னாடியே வளைச்சுப் போட்டிருந்தாங்க. மே 30ம் தேதி செயின்ட் லூயிஸ்ல, பேக்ஸ் ஏரியால, ஸ்பிஸ்கோ ஜோ ஸ்டெக்கர்கிட்ட சமத்தா தோத்தாரு. பெல்ட் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போச்சு. அதே மே 30ம் தேதி லூயிஸ் இண்டியானா மாநிலத்துல மிச்சிகன் சிட்டில மன்னை ஜெயிச்சு, நான்தான் ஒரிஜினல் சாம்பியன்னாரு. ஒரே நாள்ல ரெண்டு உலக சாம்பியன்! 1928 பிப்ரவரில லூயிஸ் ஸ்டெக்கரை ஜெயிச்ச அப்புறம்தான் ஒண்ணாச்சு, அது வரைக்கும் கிட்டத்தட்ட மூணு வருஷம் ரெண்டு கோஷ்டிக்கும் தனித்தனி சாம்பியன்.

இந்த ஒரு கதைய நல்லா புரிஞ்சுக்கிட்டீங்கன்னா மிச்சம் எல்லாம் இதோட காப்பி தான். 1929 ஜனவரில பாஸ்டன்ல லூயிஸ் கஸ் சோனன்பெர்க்கிட்ட தோத்தாரு, அவரும் ஃபுட்பால் பிளேயர், பவுசர் ஆளு. 1930 ஜூன்ல ஜிம் லண்டோஸ் டிக் ஷிகாட்டை ஜெயிச்சாரு. லண்டோஸ் கிரேக்கத்துக்காரரு, அழகன், குடியேறின கிரேக்க ஜனம் மொத்தமும் டிக்கெட் வாங்கும். 1930களோட பொருளாதார மந்தத்துலயும் ஹாலை நிரப்பினவரு.

அஞ்சாவது படி: பேப்பரை எங்க தேடுறது, எப்படி படிக்கிறது

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நடத்துற குரோனிக்லிங் அமெரிக்கா ஃப்ரீ, கணக்கு தொடங்கவேண்டாம். ஆஸ்திரேலியாவோட ட்ரோவ், நியூசிலாந்தோட பேப்பர்ஸ் பாஸ்ட் ரெண்டும் ஃப்ரீ, தேடுறதுக்கு ரொம்ப சுலபம், ஹேக்கன்ஷ்மிட் 1904, 1905 வாக்குல ஆஸ்திரேலியா டூர் போனதெல்லாம் ட்ரோவ்ல கிடைக்கும். லண்டன் மேட்சுக்கு பிரிட்டிஷ் நியூஸ்பேப்பர் ஆர்க்கைவ், அதுல பெரும்பகுதி காசு கட்டணும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தோட பழைய பேப்பர் தளமும் நல்லா இருக்கு, அங்கத்திய குஸ்தி ஷோக்களைத் தேட உதவும். புரமோட்டர் ஜாக் ஃபெஃபரோட பழைய லெட்டர், போஸ்டர், போட்டோ எல்லாம் நோட்ர டாம் யுனிவர்சிட்டில இருக்கு, அவரு எதையும் தூக்கிப்போடாம சேத்து வச்ச ஆளு.

தேடும்போது பேரு ஸ்பெல்லிங் பெரிய தலைவலி. ஸ்பிஸ்கோ பேருல இசட்டும் ஒய்யும் ஊருக்கு ஊரு இடம் மாறும், எஸ்ஸுக்கு பதில் சி வரும், ஸ்கேன் பண்ணின மெஷின் வேற தன் பங்குக்கு கெடுத்து வைக்கும். அதனால பேரை விட்டுட்டு எதிராளி பேரு, ஊரு, ஹால் பேரு போட்டு தேடுங்க. ரஷ்ய சிங்கம் மாதிரி பட்டப்பேரு போட்டாலும் வரும்.

ஒரு மேட்சுக்கு ஒரு பேப்பர் கட்டிங் போதாது, ஒரே மேட்சை மூணு தேதில படிங்க. மேட்சுக்கு ஒரு வாரம் முன்னாடி விளம்பரம், அதுல டிக்கெட் விலையும் புரமோட்டர் பேரும் இருக்கும். மறுநாள் ரிப்போர்ட், அதுல ஃபால் நேரம், எந்தப் பிடில முடிஞ்சுச்சு, ரெஃப்ரீ யாரு. ரெண்டு மூணு நாள் கழிச்சு வர்ற சின்ன துணுக்கு, அதுலதான் கலெக்‌ஷன் எவ்வளவு, யாருக்கு எவ்வளவு, யாரு கோவிச்சுக்கிட்டான்ங்கறது எல்லாம் கசியும். உள்ளூர் பேப்பர் நிருபருக்கு புரமோட்டர் ஃப்ரீ பாஸ் கொடுத்திருப்பாரு, அதனால பக்கத்து ஊரு பேப்பரையும் பாருங்க, அவங்களுக்கு நன்றிக்கடன் கிடையாது. பயில்வான் எடை, உயரம் ரெண்டையும் அப்படியே நம்பாதீங்க, விளம்பரத்துல எல்லாரும் நாலு அங்குலம் வளந்துடுவாங்க.

ரெஃப்ரீ பேரை குறிச்சுக்கோங்கன்னு சொன்னா நிறைய பேரு அலட்சியம் பண்றாங்க. 1908லயும் 1911லயும் காட்ச் ஹேக்கன்ஷ்மிட் மேட்சுக்கு ரெஃப்ரீ ஒரே ஆளு, எட் ஸ்மித், சிகாகோ பத்திரிகைக்காரர். அவரு எழுதினதைப் படிக்கும்போது இவரு வெறும் சாட்சி இல்ல, மேடைக்குள்ளயே நின்னவருன்னு ஞாபகம் வச்சுக்கணும்.

பேப்பர் படிச்சு அலுத்தா ஒரு வீடியோ பாருங்க. 1920 ஜனவரி 30ம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல ஸ்டெக்கரும் ஏர்ல் கேடக்கும் மோதினதுல கொஞ்சம் பகுதி ஃபிலிமா மிஞ்சியிருக்கு, நெட்லயே கிடைக்கும். ரெண்டு மணி நேரத்துக்கு மேல போன மேட்ச், ஸ்டெக்கர் காலால இடுப்பை நெரிக்கிற சிசர்ஸ் பிடில முடிச்சாரு. எதிரி காலை எப்படி தேடுறாங்க, எங்க ரெஸ்ட் எடுக்கிறாங்கன்னு மட்டும் பாருங்க.

ஆறாவது படி: குட்டு உடைஞ்ச இடத்துக்குப் போங்க

பழைய தொழில் ரகசியம் எல்லாம் வெளிய வந்தது உண்மை பேசணும்ங்கற ஆசைல இல்லைங்க, பங்கு பிரிக்கிறதுல வந்த சண்டைல. 1930களோட ஆரம்பத்துல பெரிய புரமோட்டருங்க எல்லாம் கூட்டணி போட்டுக்கிட்டு ஃபெஃபரை வெளிய தள்ளிட்டாங்க. அவரு நேரா நியூயார்க் டெய்லி மிரர் பேப்பரோட ஸ்போர்ட்ஸ் எடிட்டர் டான் பார்க்கர்கிட்ட போய் யாரு யாருகிட்ட எப்போ தோக்கப்போறாங்கங்கறது வரைக்கும் கொட்டிட்டாரு, 1934ல. பேப்பர்ல முடிவு முன்கூட்டியே வர ஆரம்பிச்சா புரமோட்டர் என்ன பண்ணுவான்?

அடுத்தது 1936 மார்ச் 2, மேடிசன் ஸ்கொயர் கார்டன். கூட்டணியோட சாம்பியன் ஐரிஷ்காரரு டானோ ஓ மஹோனி, முந்தின வருஷம் பாஸ்டன்ல லண்டோஸ்கிட்டேருந்து பெல்ட் வாங்கினவரு, மன் மாதிரியே நிஜ மல்யுத்தம் கம்மி. எதிர்ல டிக் ஷிகாட், நல்லாவே தெரிஞ்ச ஆளு. 1925 அப்படியே திரும்ப நடந்துச்சு, ஷிகாட் கையை முறுக்கி பெல்ட்டைப் பிடுங்கிட்டாரு. அப்புறம் ஷிகாட் யாருக்கு சொந்தம், எந்த மேனேஜருக்கு கான்ட்ராக்ட்னு ஓஹையோ மாநிலம் கொலம்பஸ்ல கோர்ட்டுக்குப் போச்சு. சாட்சி சொல்ல ஏறினவங்க வாயிலேருந்தே தொழிலோட உள்விவகாரம் எல்லாம் வெளிய வந்துச்சு. பேப்பர் ரிப்போர்ட்டைவிட கோர்ட் செய்தி எப்பவுமே ஒரு படி மேல, ஏன்னா அங்க பொய் சொன்னா உள்ள போகணும். மேப்ரே கேஸ், ஷிகாட் கேஸ் ரெண்டையும் தேடிப் படிங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

இன்னொண்ணு, 1930கள்ல நியூயார்க் மாநில விளையாட்டு கமிஷன் இதை போட்டின்னு விளம்பரம் பண்ணக்கூடாது, எக்சிபிஷன்னு தான் போடணும்னு கட்டாயப்படுத்திச்சு. அந்தக் காலத்து போஸ்டர்ல அந்த வார்த்தையைப் பாத்தா அது சும்மா அலங்காரத்துக்கு இல்ல.

கடைசியா, நீங்களே ஒரு மேட்ச் பண்ணிப் பாருங்க

எக்செல்ல ஒரு ஷீட் போடுங்க. தேதி, ஊரு, ஹால், புரமோட்டர், ரெஃப்ரீ, யாரு ஜெயிச்சது, ஒவ்வொரு ஃபாலுக்கும் எவ்வளவு நேரம், கூட்டம், கலெக்‌ஷன், அப்புறம் ஜெயிச்சவருக்கு யாரு மேனேஜர். இந்தக் கடைசி காலம்தான் (column) ரொம்ப முக்கியம். செட்டப்பா நிஜமாங்கறதுக்கு காலம் போடாதீங்க, போட்டா உங்க ஆசையைத்தான் அதுல எழுதுவீங்க.

முதல் வரிக்கு 1934 செப்டம்பர் 20ம் தேதி, சிகாகோ ரிக்லி ஃபீல்ட், லண்டோஸ் லூயிஸ் மேட்சை எடுத்துக்கோங்க. கூட்டம் 35,265 பேரு, கலெக்‌ஷன் 96,302 டாலர், 1911 காமிஸ்கி பார்க் கலெக்‌ஷனை இருபத்தி மூணு வருஷம் கழிச்சு தாண்டின மேட்ச். பல வருஷமா லண்டோஸ் லூயிஸ்கிட்ட நிஜமா ஜெயிச்சதே இல்லைன்னு லூயிஸ் ஆளுங்க பேசிக்கிட்டே இருந்தாங்க, அன்னைக்கு லண்டோஸ் ஜெயிச்சாரு, லூயிஸுக்கு அப்போ நாப்பத்தி மூணு வயசு, கண்ணு வேற ட்ரக்கோமா நோயால கெட்டுப்போயிருந்துச்சு. அந்த வருஷம் புரமோட்டருங்க கூட்டணி எப்படி இருந்துச்சு, லூயிஸுக்கு தோத்தா என்ன கிடைச்சிருக்கும், அவ்வளவு பெரிய மைதானத்தை வாடகைக்கு எடுத்தது யாரு, இந்த மூணுக்கும் பதில் தேடி ஷீட்ல நிரப்பிட்டு, அப்புறம் 1911க்கு போய் அதே காலங்களை நிரப்பி ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க.